செபம் பேரப்பொருளா?

2024 அக்டோபர் 11 அன்று இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவு வண்டி, நம் புதுவாயலை அடுத்த கவரைப்பேட்டை நிலையத்தில் கிளைத் தண்டவாளத்தில் புகுந்து, அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. பலர் காயமுற்றனர், ஆயினும் ஓர் உயிரும் பிரியவில்லை. இத்தகைய வேளைகளில், "செபித்தவர்களை ஆண்டவர் காப்பாற்றினார்" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு.

உயிர் பிழைத்தோர் இறைவனுக்கு நன்றி கூறுவது முறையே. அந்த நன்றியை ஒரு சட்டமாக மாற்றுவதையே நாம் எதிர்க்கிறோம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாகாநாகா பஜாரில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டியும் இவ்வாறே கிளைத் தண்டவாளத்தில் புகுந்து சரக்கு வண்டியில் மோதியது. அவ்விபத்தில் இறந்தோர் 290க்கும் மேற்பட்டோர். அந்தப் பெட்டிகளில் செபித்தவர் ஒருவருமே இல்லையா? அவர்களுடைய தாய்மார் மன்றாடவில்லையா? கவரைப்பேட்டையில் செபம் வென்றது என்போர், பாகாநாகாவில் அது தோற்றது என்றும் சொல்லியாக வேண்டும். அதற்குத் துணியாதவர்கள் இறந்தோரின் விசுவாசத்தில் குறை தேடுவார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைக் குறித்து இத்தகைய எண்ணத்தையே ஆண்டவர் மறுத்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

மறுபுறம், செபத்தால் யாதொரு பயனுமில்லை என்போர் 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றைக் காட்டுவர். இதய அறுவை மருத்துவம் பெற்ற 1,802 நோயாளிகளிடம் அது நடத்தப்பட்டது. தமக்காகச் செபிக்கப்படுகிறதா என்று உறுதியாகத் தெரியாதவர்களுள், செபிக்கப்பட்டோரில் 52 விழுக்காட்டினருக்கும், செபிக்கப்படாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் தோன்றின. செபிக்கப்படுவதை உறுதியாக அறிந்திருந்தவர்களிலோ 59 விழுக்காடு! இந்த எண்களைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. காசைப் போட்டால் பொருளைத் தரும் இயந்திரமாக இறைவன் இயங்குவதில்லை என்பதையே அவை காட்டுகின்றன. அதைத் திருச்சபை என்றோ அறியும்.

இறைவனின் மனத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை. நம் செபத்தின் வழியாக நிறைவேற வேண்டுமென்று அவர் திருவுளம் கொண்டவற்றைப் பெறவே செபிக்கிறோம் என்று கற்பித்தார் புனித தோமா அக்குவினாஸ். விளைவிப்பவர் இறைவன் என்பதால் உழவன் விதைக்காமல் இருப்பதில்லையே! கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகலுமாறு இயேசு வேண்டினார், அது அகலவில்லை. ஆயினும் அவருடைய மன்றாட்டு கேட்கப்பட்டது என்கிறது எபிரேயர் மடல். சிலுவையைத் தவிர்க்க உதவாத அந்தச் செபம், சிலுவையை நோக்கி எழுந்து நடக்கும் ஆற்றலைத் தந்தது.

அப்படியானால் திருச்சபை வாழ்வில் செபம் மாற்றம் விளைவிக்கிறதா? விளைவிக்கிறது, அதைக் காண வேண்டிய இடம் வேறு. எருசலேமின் தொடக்கத் திருச்சபை செபித்தபோது கூடியிருந்த இடம் அதிர்ந்தது என்று கூறும் திருத்தூதர் பணிகள், அடுத்த சில வரிகளிலேயே அவர்களுள் வறியவர் எவரும் இல்லை என்று சான்று பகர்கிறது. பசித்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடும் விசுவாசத்தைச் செத்தது என்கிறார் யாக்கோபு.

நம் பகுதிக்கு இது எட்டாத மறையுரை அன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் உழைக்கும் ஒடிசா, சார்க்கண்ட், பீகார் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையோரத்துத் தகரக் கூரைகளின் கீழ் வாழ்கின்றனர். ஞாயிறு மன்றாட்டில் "புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக" என்று வாசிக்கிறோம். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதிலுரைக்கிறோம். அவர்களுள் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? பெயரே தெரியாதவருக்காகச் செய்யும் மன்றாட்டையும் இறைவன் கேட்கிறார். ஆனால் அறிய முயலாமலே காலமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்க மறுப்பவர் நாமே.

ஆகவே, அன்பர்களே, அடுத்த அன்பியக் கூட்டத்தை அவர்கள் தங்கும் அறையொன்றில் கூட்டுவோம். இயந்திரத்தில் கை நசுங்கியவர் யார், கூலி வராதவர் யார் என்று கேட்டறிந்து, பெயர் சொல்லி மன்றாடுவோம். மறுநாள் காலை அவரோடு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ தொழிலாளர் அலுவலகத்துக்கோ நம்மில் இருவர் உடன் செல்லட்டும்.