கையில் சர்டிபிகேட்! ஏரியில் செத்து மிதக்கும் மீன்!
மாணவர்களைத் தண்ணீரில் இறக்குவது எப்போது?

திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாத்தனூர் அணைக்குப் போய் வந்தவரைக் கேளுங்கள். 119 அடி உயர அணையைப் பற்றி அப்புறம்தான் பேசுவார். முதலில் பேசுவது அங்கே தின்ற பொரித்த மீனைப் பற்றி!

அந்த மீன் தானாக வந்து குதிக்கவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் என்று குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பது. கிராமத்து ஏரிகளிலும் இதே கதைதான். மீன்பாசி குத்தகையை ஏலம் எடுக்கிறவர் வட்டிக்கு வாங்கிய பணத்தைத் தண்ணீரில் போடுகிறார். தொழில் தெரியாவிட்டால் ஒரே ராத்திரியில் எல்லாம் போச்சு.

தொழில் சொல்லித் தர ஆள் இல்லையா? இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி நடக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012-ல் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் உண்டு. எல்லாம் கடலோரப் பக்கம்! நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் பல்கலைக்கழகத்தின் மீன் வளர்ப்பு மையம் இருப்பது ஒரு ஆறுதல். நாலு வருஷப் பட்டப் படிப்பில் கிராமத்திலும் பண்ணையிலும் தங்கிப் பழகுவதும் பாடத்திலேயே சேர்ந்ததுதான்.

பிறகு என்ன குறை? காலம்தான் குறை. சில நாள் வந்து, வலையைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால் ஏரி பிடிபடாது.

விடியற்காலை ஆபத்து

மீன் சாவது பெரும்பாலும் விடியற்காலையில். பகலில் தண்ணீரிலுள்ள பாசி பிராணவாயு விடும். ராத்திரி அதுவே பிராணவாயுவை இழுக்கும். மப்பும் மந்தாரமுமாக இரண்டு நாள் இருந்தால் கேட்கவே வேண்டாம். விடிவதற்கு முன் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதைக் கண்டதும் தீனியை நிறுத்தி, புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். காலை 10 மணிக்கு வகுப்புக்கு வரும் மாணவன் இதை எங்கே பார்ப்பான்?

முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது ஒரு கணக்கு. முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி அளவு சரி. அதற்கு முன்பே மறைந்தால் ஆபத்து. சல்லிக்காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் கை நனைய வேண்டுமே!

குஞ்சு வாங்குவதிலும் கண் வேண்டும். ஒரு கிண்ணம் குஞ்சை எண்ணிப் பார்த்து, அத்தனை கிண்ணம் இத்தனை ஆயிரம் என்று பெருக்குவது வழக்கம். அந்த முதல் கிண்ணத்தை நாம் எண்ணாவிட்டால் ஏமாற வழி இருக்கிறது. (போலீஸ் ஸ்டேஷன் செய்தி எழுதுகிற எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது.) பையை அவிழ்த்து அப்படியே கொட்டினாலும் போச்சு. கால் மணி நேரமாவது பையோடு மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகே குஞ்சை விட வேண்டும்.

குளம் வெட்ட 2020-ல் வந்த பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள். மானியம் குளத்தை வெட்டும். மீனை யார் காப்பாற்றுவது?

ஆகவே ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஏரியை ஒரு பருவம் முழுக்க மாணவர்களிடம் கொடுக்கட்டும். குஞ்சு விடுவது முதல் பிடித்து விற்பது வரை அவர்கள் பொறுப்பு. லாபமோ நஷ்டமோ கணக்கு அவர்கள் நோட்டில் ஏறட்டும். குத்தகைதாரரும் கூடவே நிற்கட்டும்.

மழைக்காலமும் அதில் சேர வேண்டும். 2024 டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை சாத்தனூரில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டதை ஊர் மறக்கவில்லை. அணை கதை பெரிசு. சின்ன ஏரி நிரம்பி வழிந்தாலே வளர்த்த மீன் தண்ணீரோடு போய்விடும். ஐப்பசி பிறக்கும் முன் கலிங்கிலும் மதகிலும் வலை கட்டியாக வேண்டும். அந்த வலையில் சருகு அடைக்கும். அடைத்தால் தண்ணீர் கரையில் ஏறும். கொட்டும் மழையில் ராத்திரி லைட்டோடு போய் அதை எடுத்துவிட ஆள் வேண்டும்.