தொப்புள் கொடி வியாபாரம்

அண்ணன் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். கூடத்தில் கழுத்துப் பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் வழவழப்பான புத்தகமொன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வீணாகப் போகிற ரத்தம் சார்! அதைச் சேமித்து வைத்தால் குழந்தைக்கு ஆயுள் இன்சூரன்ஸ் மாதிரி" என்றார்.

பிறந்த குழந்தையின் தொப்புள் கொடி ரத்தத்தைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வைப்பார்களாம். அதில் 'ஸ்டெம் செல்' இருக்கிறதாம். பின்னாளில் ரத்தப் புற்றுநோய், தலசீமியா, நீரிழிவு, மூளைக் கோளாறு எது வந்தாலும் பயமில்லையாம். பணத்தைத் தவணையிலும் கட்டலாமாம்.

தவளை அறுத்ததோடு கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டவன் நான். ஆனாலும் ஒரே மருந்து எல்லா நோயையும் தீர்க்கும் என்றால், சந்தைப்பேட்டையில் லேகியம் விற்றவனின் குரல்தான் என் காதில் கேட்கிறது. எனவே படித்துப் பார்த்தேன்.

ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்கிறார்கள், நல்ல பெயர். ஆனால் எல்லாக் குருத்தும் ஒன்றல்ல. கரு உண்டாகி ஐந்தாறு நாளில் அதனுள் இருக்கும் அணு, உடம்பின் எந்த அணுவாகவும் ஆக வல்லது. 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் என்ற அமெரிக்கர் மனிதக் கருவிலிருந்து அதைப் பிரித்து வளர்த்தார். ஜப்பானியரான ஷின்யா யமானாகாவோ 2006-இல் எலியின் சாதாரண அணுக்களில் நான்கே மரபணுக்களைப் புகுத்தி, அவற்றைக் குருத்து நிலைக்குத் திருப்பினார். மறு வருஷம் மனித அணுவிலும் அது பலித்தது; 2012-இல் நோபல் பரிசு. வளர்ந்த உடம்பில் இருப்பவை வேறு ஜாதி. அவரவர் தொழிலை மட்டும் பார்ப்பவை. தோலில் இருப்பது தோலைப் புதுப்பிக்கும். எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்தத்தை உண்டாக்கும்.

கொடி ரத்தத்தில் முக்கியமாக இருப்பது இந்தக் கடைசி வகை. இளைஞரோ யமானாகாவின் பெருமையைச் சொல்லி, மஜ்ஜையின் சரக்கை விற்கிறார்!

ரத்த நோய்க்காவது உதவுமே என்பீர்கள். உதவும், பெரும்பாலும் இன்னொருவருக்கு. தலசீமியா மரபணுவில் உள்ள குறை. அந்தக் குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே குறைதானே இருக்கும்? குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயிலும் பல சமயம் கோளாறு பிறக்கும் முன்பே ரத்தத்தில் புகுந்துவிடுகிறது. 1988-இல் பாரிஸில் முதன்முதலாகக் கொடி ரத்தம் ஏற்றப்பட்ட சிறுவனுக்குக் கொடுத்தது அவன் தங்கையின் ரத்தம். வீட்டில் மூத்த பிள்ளை இத்தகைய நோயில் கிடந்தால் சேமியுங்கள், நியாயம். மற்றபடி இது இன்சூரன்ஸ் அல்லவென்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே 2018-இல் சொல்லிவிட்டது. குருத்தணு வைத்தியத்தில் ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கானதைத் தவிர மற்றவையெல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-லேயே எழுதி வைத்திருக்கிறது.

நான் விஞ்ஞானத்தின் விரோதியல்ல. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றிப் பிழைக்க வைக்கிறார்களே, அதற்குக் கைகூப்புகிறேன். பிள்ளைப் பாசத்தைத் தவணை முறையில் கறப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதில் எங்களுக்கும் பங்குண்டு. கதாநாயகிக்குத் தீராத வியாதி, சீமையிலிருந்து டாக்டர் வருகிறார், ஒரே ஊசி, கல்யாணம்! இப்படித் தொடர்கதை எழுதி உங்களைப் பழக்கியவர்கள் நாங்கள்தாமே?

அப்புறம், 'வீணாகப் போகிற ரத்தம்' என்றாரே! கொடியை ஒரு நிமிஷமாவது பொறுத்து அறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் அந்த ரத்தம் குழந்தைக்குள்ளேயே இறங்குகிறது. அதன் இரும்புச் சத்து மாதக்கணக்கில் காக்கும். சோகை பிடித்த நம் நாட்டில் இதைவிட என்ன சேமிப்பு வேண்டும்? பொறுத்து அறுத்தால் புட்டியில் பிடிக்கக் குறைவாகவே மிஞ்சும். புத்தகத்தில் அந்தச் சேதி இல்லை.

இவ்வளவும் சொன்னேன். அண்ணன் மகள் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "எல்லாம் சரி சித்தப்பா, வேண்டாமென்று சொல்லி, நாளைக்கு ஏதாவது வந்துவிட்டால்?"

இளைஞர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். ஞாயிறன்று நானும் அங்கே இருப்பேன்.