மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் பெரிய எழுத்துகள் மேல்பெட்டியிலும் சின்ன எழுத்துகள் கீழ்ப்பெட்டியிலும் கிடந்தன. 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பேரே அப்படி வந்ததுதான். மேலே யார், கீழே யார் என்கிற கேள்வி இலக்கணத்தையும் விடவில்லை தோழர்களே.

பதவிப் பெயருக்கு இன்று பரவலாக உள்ள விதி எளிது. ஆள் பேருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து: 'பிரசிடென்ட் லிங்கன்'. பேருக்குப் பின்னால் வந்தாலும் தனியாக நின்றாலும் சின்ன எழுத்து. அமெரிக்க ஜனாதிபதிக்கே இதுதான் கதி. ஆனால் நம்ம மனுக்களைப் பாருங்கள். 'கலெக்டர்', 'மேனேஜர்', 'ஆபீசர்' எல்லாம் வரிக்கு வரி தலைப்பாகை கட்டி நிற்பார்கள். 'ஸ்வீப்பர்', 'பியூன்' மட்டும் குனிஞ்சு நிற்பார்கள். வங்கி மேசையில் தினமும் பார்க்கிற காட்சி இது. இதுக்குப் பேர் இலக்கணமா? பயம். முகவரியில் பெரிய எழுத்து போடுங்கள், போதும்.

மக்கள் பேர் வேற விசயம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அன்று தமக்கு வைத்துக்கொண்ட பேர் 'நீக்ரோ'. வெள்ளைப் பத்திரிகைகள் அதைச் சின்ன 'என்' போட்டு எழுதின. டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் விடாமல் கடிதம் எழுதிப் போராடினார். 1926இல் மறுத்த நியூயார்க் டைம்ஸ் 1930இல் இறங்கி வந்தது. இதே டு பாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். பிறகு வந்த 'பிளாக்' என்ற சொல்லுக்குப் பெரிய 'பி' கிடைக்க 2020 ஆனது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை போலீஸ்காரன் முழங்காலால் நெரித்துக் கொன்ற பிறகே அசோசியேட்டட் பிரஸ் மனம் மாறியது.

1963இல் அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டனை அரசு வக்கீல் வெறும் 'மேரி' என்று கூப்பிட்டார். 'மிஸ் ஹாமில்டன்' என்று சொன்னால்தான் பதில் என்றார் அவர். அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அந்த வேலையை 'ன்'னும் 'ர்'ரும் செய்கின்றன. முதலாளி வந்தார், பண்ணையாள் வந்தான். ஊர்ப் பொடியன் நம்ம தாத்தாவை 'வாடா' என்கிறானே, அதுவும் இந்த இலக்கணம்தான்.

பெல் ஹூக்ஸ் தன் பேரைச் சின்ன எழுத்திலேயே எழுதினார். அது அவரே எடுத்த முடிவு. அடுத்தவன் நம்மைக் குறைப்பதற்கு அதைச் சாக்காகக் காட்ட முடியாது.

ஆகவே மாணவத் தோழர்களே, ஆய்வேட்டிலும் துண்டறிக்கையிலும் 'தலித்' என்பதைப் பெரிய 'டி' போட்டே எழுதுங்கள். 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' அரசியல் சட்டத்திலேயே பெரிய எழுத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டி அடித்துத் திருத்தினால் காரணம் கேளுங்கள். தமிழில் எழுதும்போது சாக்கடையில் இறங்கிச் செத்தவருக்கும் 'ர்' போடுங்கள். 'இறந்தான்' என்று எந்தப் பத்திரிகை எழுதினாலும் அன்றைக்கே ஒரு தபால் அட்டை போகட்டும்.