பூஜ்ஜியத்தால் பெருக்கினால்

இரண்டே வரித் திருத்தம். பார்த்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

பள்ளியில் 'அணிகள்' என்று படித்தோமே, அந்த மேட்ரிக்ஸ்களைப் பெருக்கித் தரும் லைப்ரரி அது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி அதில் ஒரு பிழையைத் திருத்தி, "ஒரு தடவ பாத்துடுங்கண்ணா" என்று அனுப்பியிருந்தான்.

ஏ, பி என்ற இரண்டு மேட்ரிக்ஸ்களைப் பெருக்க வேண்டும். சி என்ற மூன்றாவதில் ஏற்கெனவே இருப்பதை பீட்டா என்ற எண்ணால் பெருக்கி அதோடு கூட்டி, விடையை சி-யிலேயே வைக்க வேண்டும். பழையது வேண்டாம் என்பவர்கள் பீட்டாவுக்குப் பூஜ்ஜியம் கொடுப்பார்கள். பூஜ்ஜியத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே என்று முதலில் எழுதியவர் பேசாமல் பெருக்கிவிட்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் அந்த வாய்ப்பாடு முழுக்கச் செல்லாது. 1985-இல் வந்த ஐட்ரிபிள்ஈ 754 தரத்தில் 'எண் அல்ல' என்றொரு மதிப்பு உண்டு. பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வருவது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதினால் 'நான்'. பொருத்தமான பெயர்தான்: எதோடு கூட்டினாலும், பூஜ்ஜியத்தாலேயே பெருக்கினாலும் மிஞ்சுவது 'நான்'. தனக்குத் தானே சமம் என்றுகூட ஒப்புக்கொள்ளாது. சி-க்குக் கிடைத்த மெமரியில் முன்பு குடியிருந்த கணக்கின் மிச்சம் கிடக்கும். அதில் ஒரு 'நான்' இருந்தால் விடை போச்சு. ஒன்பது முறை சரியாக வந்து பத்தாவது முறை கெடும்.

ஜாக் டொங்காராவும் மூவரும் 1990-இல் வெளியிட்ட, மேட்ரிக்ஸ் கணக்குகளுக்கான பிளாஸ் வரையறையின் மூன்றாம் நிலை இதற்கு வழி சொல்லியிருக்கிறது: பீட்டா பூஜ்ஜியமானால் சி-யில் எதையும் நிரப்பித் தர வேண்டியதில்லை. அதாவது சி-யைப் படிக்காதே, நேரே எழுது. தம்பியும் அப்படித்தான் செய்திருந்தான்.

இடித்தது டெஸ்ட்தான். சி-யைப் பூஜ்ஜியங்களால் நிரப்பிவிட்டுத் தொடங்கியிருந்தான். திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் பாஸ்! "சி முழுக்க 'நான்' போட்டு ஓட்டு" என்றேன். பழைய கோட் ஃபெயில் ஆனது, அதுதான் வேண்டும். புதியதும் ஆனது, ஐந்துக்கு ஐந்து மேட்ரிக்ஸில் மட்டும். நான்குக்கு நான்கு கட்டமாக வெட்டிப் பெருக்கும் லைப்ரரி அது. கட்டத்தில் அடங்காமல் ஓரத்தில் மிஞ்சும் நிரைக்கும் நிரலுக்கும் தனிப் பகுதி. அங்கே பழைய பெருக்கல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அப்ப பி-யில பூஜ்ஜியம் வந்தாலும் பெருக்காம தாண்டிடலாமாண்ணா? வேகமா ஓடுமே."

கூடாது. சி-யில் கிடப்பது குப்பை. ஏ-யில் இருக்கும் 'நான்' அப்படியல்ல, எங்கோ முன்னாலேயே கணக்கு கெட்டதைக் காட்டும் புகை. தாண்டினால் புகை மறைந்துவிடும். ஃபோர்ட்ரானில் எழுதிய மூல பிளாஸே வெகுகாலம் அப்படித் தாண்டிக்கொண்டிருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். சொன்னதும் பையனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நேற்று சாயங்காலம் சேர்த்தோம். ஓரத்துக்கும் சேர்த்து நான்கு வரி. டெஸ்ட் முப்பது வரி.