குறியேற்றத்திலும் அடிமையா?

சேர்வராயன் கோயில் கொண்ட மலையைச் 'செவராய்' என்று சிதைத்தவன் ஆங்கிலேயன். இன்று அப்பெயரை அழிப்பவன் தமிழனே! ஆங்கில எழுத்து மட்டுமே அறிந்த பழங்குறியேற்றத்தில் விடப்பட்ட இலினக்சுக் கணிப்பொறியில், 'சேர்வராயன்' எனப் பெயரிட்ட கோப்பு வெறும் வினாக்குறி வரிசையாய் நிற்கிறது. பொறியின் குற்றமா அது? மொழி தமிழ், நாடு இந்தியா, குறியேற்றம் யு.டி.எப்-8 என அமைத்து மீண்டும் உள்நுழைந்தால் பெயர் உயிர்பெறும்.

தமிழ்நாட்டரசு ஒருங்குறியை 2010-இலேயே ஏற்றது. ஒருங்குறி தமிழுக்கு முதலில் ஒதுக்கியது 128 இடமே. 'க'வின்மேல் புள்ளியிட்டே 'க்' பெறவேண்டிய தலைகீழ் முறையும் அதிலுண்டு. அக்குறையை எதிர்ப்பது கடமை. அதனைக் காட்டி ஆங்கிலத்திலேயே கிடப்பது மடமை! எவரும் திருத்தத்தக்க இலினக்சிலும் தமிழை அமைக்காதவன், தமிழுக்கு அரியணை கேட்பது எங்ஙனம்?