முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்!

எந்த ஊர் டூவீலர் மெக்கானிக் கடைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். "அண்ணே, கார்புரேட்டர் க்ளீன் பண்ணதுல இருந்து வண்டி மிஸ்ஸிங் அடிக்குது. சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது." அண்ணன் ஒரு கேள்வி கேட்கமாட்டார். குனிவார், ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்குவார், கார்புரேட்டர் ஓரத்து ஸ்க்ரூவை அரைச் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். சத்தம் சமனாகும். "இப்ப ஓட்டிப் பாரு தம்பி."

தம்பி தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி மறுபடி இருமும். அடுத்த வாரம் திரும்பி வந்தால் தீர்ப்பு தயார்: "கார்ப்பு போச்சு, புதுசு போட்ரலாம்." அதற்கும் அடங்கவில்லையா? "இன்ஜின் போர் வேலை இருக்கு தம்பி."

இதற்குப் பெயர் ரிப்பேரா? சுத்தமான ஜோசியம்!

கார்புரேட்டர் காலமே முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பஞ்சாயத்து என்று சிலர் கேட்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான், உண்மை. ஆனால் காலேஜ் ஸ்டாண்டில் நிற்பதெல்லாம் புது வண்டியா என்ன? அப்பா ஓட்டிய ஸ்ப்ளெண்டர், மாமா கொடுத்த பழைய பல்சர், ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்எக்ஸ்100... இவற்றை வைத்திருப்பவர்கள் பாக்கெட்டில்தான் கை வைக்கப்படுகிறது.

விஷயம் எளிது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியபின் தகராறு செய்தால், முதல் சந்தேகம் கடைசியாகக் கை வைத்த இடத்தின் மேல்தான் வரவேண்டும். ஆனால் நடப்பது நேர் எதிர். வேலைக்கு முன்னால் எல்லாப் பழியும் கார்புரேட்டர் மேல். வேலைக்குப் பின்னால், "அதைத்தான் க்ளீன் பண்ணியாச்சே" என்று கார்புரேட்டர் மட்டும் நிரபராதி!

சரி, கழற்றி மாட்டும்போது என்னவெல்லாம் தப்பலாம்?

முதல் ஆள், காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு, ஓ-ரிங் நசுங்கல், கிளாம்ப் லூஸ்... எதுவாக இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடில் ஏறி இறங்கும். முறுக்கி விட்டால் ஆர்.பி.எம். உடனே கீழே வராது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்த ஜாயின்ட்டில் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்தால் போதும். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். (பெட்ரோலை அடித்துப் பார்க்கும் புத்திசாலிகள் உண்டு. தீப்பிடிக்கும், வேண்டாம்!)

அடுத்து, பைலட் ஜெட். கண்ணுக்கே சரியாகத் தெரியாத துளை அது. வெளியே பளபள என்று துடைத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் கம்பியை விட்டுக் குத்துவார்கள். ஜெட் துளை அளவெடுத்துப் போட்டது. கம்பி குத்தினால் பெரிதாகும், பிறகு எந்த ஸ்க்ரூவாலும் சரிக்கட்ட முடியாது.

மூன்றாவது, ஸ்லைடும் ஊசியும். சாதாரண ஸ்லைடு கார்புரேட்டரில் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்டார்ட் ஆனதும் வண்டி அலறும். ஊசியின் கிளிப் ஒரு பள்ளம் மாறினாலும் கலவை மாறும். ப்ளோட் வால்வில் தூசி இருந்தால் பெட்ரோல் வழியும், ப்ளக் கரியாகும்.

எங்கே தப்பு என்று வண்டியே சொல்லும். கால் த்ராட்டிலுக்குள் தகராறு என்றால் பைலட் ஜெட் பக்கம். கால் முதல் முக்கால் வரை என்றால் ஊசி. அதற்கு மேல் என்றால் மெயின் ஜெட். சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் நன்றாக ஓடுகிறதா? பெட்ரோல் குறைவு, இல்லை காற்று அதிகம். இன்னும் மோசமாகிறதா? பெட்ரோல் அதிகம். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம், ஐந்து நிமிஷப் பொறுமை போதும்.

ஸ்க்ரூவைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதிலும் ஒரு வேடிக்கை. எல்லா ஸ்க்ரூவும் ஒரே ஜாதி இல்லை! ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பொதுவாக அது ஏர் ஸ்க்ரூ. உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் ஃப்யூயல் ஸ்க்ரூ. அதை உள்ளே திருப்பினால் லீன் ஆகும். இரண்டும் நேர் எதிர். எது என்றே பார்க்காமல் முறுக்குபவர் என்னத்தை டியூன் செய்கிறார்?

இதில் பணம் மட்டும் போனால் பரவாயில்லை. ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி லீனாக ஓடினால் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகும். ஹைவேயில் வேகத்தில் போகும்போது ஜாம் ஆனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்க எத்தனை பேருக்கு அந்த நொடியில் கை போகும்? போதாக்குறைக்கு, 2025ல் இந்தியா 20 சதவீத எத்தனால் கலப்பையும் எட்டியாயிற்று. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை இன்னும் கொஞ்சம் லீன். பழைய ரப்பருக்கும் அது ஆகாது. குருட்டாம்போக்கில் திருகுவதற்கு முன்பைவிட இப்போது இடம் குறைவு.

மெக்கானிக்குகள் பக்கமும் நியாயம் உண்டு. அரை மணி நேரம் யோசித்துக் கண்டுபிடித்து, ஒரு கிளாம்ப்பை இறுக்கிவிட்டுக் கூலி கேட்டால், "ஒரு ஸ்க்ரூ முடுக்குனதுக்கா இவ்வளவு?" என்று சண்டைக்கு வருகிறோமே! புது கார்புரேட்டர் மாட்டினால் மட்டும் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். யோசனைக்குக் கூலி தராத ஊரில் பார்ட்ஸ்தானே விற்கும்?

அதனால் அடுத்த முறை அண்ணன் குனிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதனாலண்ணே இப்படி ஆச்சு?" பதில் சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் நல்ல மெக்கானிக். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பதில் வராமல் ஸ்க்ரூ மட்டும் சுற்றினால், சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுங்கள்.