காகித வாணம்

குழந்தைகள் உள்ள வீட்டில் காகிதம் ஒரு கணமும் காகிதமாக இருப்பதில்லை. கப்பலாகிறது, கத்திக் கப்பலாகிறது, காற்றாடியாகிறது. உபாத்தியாயர் கரும்பலகையின் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து ஆகாய விமானமாகவும் ஆகிறது. அதே காகிதம் ராக்கெட்டாகி, தென்னை மரங்களுக்கெல்லாம் மேலே சில நூறு அடி போய், குடை விரித்துக்கொண்டு சாவதானமாகத் திரும்பி வரும் என்று சொன்னால், நமது வாசகர்களில் பெரியவர்கள் புன்னகை புரிவார்கள். சிறியவர்களோ "எப்படி?" என்று கேட்பார்கள். இந்த வாரம் நாம் சிறியவர்கள் கட்சி.

இந்த வித்தை பிறந்தது அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாகாணத்து நார்ஃபோக் என்னும் ஊரில். அங்கே ஆர்வில் கார்லைல் என்பவர் செருப்புக் கடை வைத்திருந்தார். வாண வேடிக்கையில் அவருக்கு அபாரப் பிரியம். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானங்களில் மோகம். ராக்கெட் பறக்கும் தத்துவத்தைத் தமது பிரசங்கங்களில் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று ராபர்ட் கேட்டார். 1954-ம் வருஷத்தில் காகிதக் குழல் உடம்பும், லேசான மர மூக்கும், சிறகுகளும், உள்ளே மடித்து வைத்த பாராசூட்டும், அடியில் மாற்றிப் போடக்கூடிய மருந்துக் குழாயுமாக முதல் மாதிரி ராக்கெட் உருவாயிற்று. செருப்புக் கடைக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில் அமெரிக்கப் பையன்களை வேறொரு ராக்கெட் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாயில் கையில் கிடைத்த ரசாயனங்களைத் திணித்துத் தீ வைத்தார்கள். குழாய்கள் ஏறுவதற்குப் பதிலாக வெடித்தன. விரலை இழந்தவர்கள் உண்டு. கண்ணை இழந்தவர்கள் உண்டு. உயிரையே இழந்தவர்களும் உண்டு. ஒயிட் ஸாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் என்ற என்ஜினீயர் இந்த அபாயத்தைப் பற்றி 1957-ன் ஆரம்பத்தில் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த ஆர்வில் கார்லைல், தமது காகித ராக்கெட்டுகளில் சிலவற்றை அவருக்கு அனுப்பி வைத்தார். ஸ்டைன் விட்டுப் பார்த்தார். அப்புறம் அந்த யோசனையை அவர் விடவே இல்லை. அவ்வருஷம் அக்டோபர் 4-ந் தேதி ருஷியாவின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறிற்று. பையன்களின் பைத்தியமும் பன்மடங்கு ஏறிற்று. நல்ல வேளையாக, மருந்துக் குழாய்களை அழுத்திச் செய்யும் யந்திரம் ஒன்றை வெர்னன் எஸ்டிஸ் என்பவர் 1958-ல் அமைத்தார். அதன் பின் எந்தச் சிறுவனும் வெடிமருந்தைக் கையால் தொடவேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

காகிதம் மலிவு என்பதற்காக மட்டும் கார்லைல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்ச் சைன்யத்தார் வாணத்துக்கு இரும்புக் குழாய் போட்டார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆகையால் வாணம் வெகு தூரம் போயிற்று. யுத்தத்துக்கு அது சரி. ஆனால் இரும்பு வெடித்தால் ஒவ்வொரு சில்லும் ஒரு கத்தி. காகிதம் வெடித்தால் கிழியும். எதன்மேலாவது மோதினால் நசுங்கும். பிள்ளைகளின் கையில் கொடுக்கக்கூடியது எது என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

மருந்துக் குழாயும் காகிதத்தில் சுற்றியதே. சாதாரணமாக 18 மில்லிமீட்டர் பருமன், 70 மில்லிமீட்டர் நீளம். அடியில் களிமண்ணால் ஆன சிறு துவாரம். மேலே இறுக்கி அழுத்திய கருமருந்து. சிறிய குழாயில் அது எரிந்து தீர ஒரு விநாடி கூட ஆகாது. பிறகு சில விநாடிகள் வேறொரு மருந்து புகையை மட்டும் கக்கிக்கொண்டு எரியும். ராக்கெட் தன் வேகத்திலேயே ஏறும். கடைசியில் உச்சிக்கு அருகே ஒரு சிறு வெடி, மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்றும். பாராசூட் கருகாமலிருக்க அதன் அடியில் தீப்பற்றாத காகிதம் அடைப்பது வழக்கம்.

உடம்பு செய்வது எளிது. தக்க பருமனுள்ள உருளைத் தடியின் மேல் காகிதத்தைப் பசை தடவிச் சுற்றி, உலர்ந்ததும் தடியை உருவிவிடவேண்டும். மூன்று சிறகுகளைச் சம தூரத்தில் ஒட்டுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு காகித நாடாவைக் குழலைச் சுற்றி அளந்து, பிரித்து, மூன்றாக மடித்துக் குறியிட்டு, மறுபடி சுற்றினால் தீர்ந்தது. தையற்காரர் இடுப்பளவு எடுப்பது போலத்தான்.

சிறகு எதற்கு? தீபாவளி ராக்கெட்டுக்கு நீண்ட ஈர்க்கு எதற்கோ அதற்கே. ராக்கெட்டின் கனம் முழுவதும் கூடி நிற்கும் இடம் ஒன்று. பக்கக் காற்றின் விசை கூடி நிற்கும் இடம் மற்றொன்று. கனத்தின் இடம், காற்றின் இடத்தைவிடக் குழலின் ஒரு பருமன் அளவாவது மூக்கின் பக்கம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ராக்கெட் வானத்தை மறந்து, வேடிக்கை பார்ப்பவர்களை விசாரிக்க வரும். காற்றின் இடத்தைக் காணும் கணித முறையை ஜேம்ஸ் பாரோமன் 1966-ல் வகுத்தார். கணக்குக்கு அஞ்சுவோர், மருந்துக் குழாயைப் பொருத்திய ராக்கெட்டை அது சமனாக நிற்கும் இடத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றலாம். மூக்கு முன்னே பார்த்துச் சுற்றினால் பறக்கவிடத் தகுந்தது.

விடுவதற்குத் தீக்குச்சி உதவாது. நேராக நாட்டிய கம்பியில் ராக்கெட்டைக் கோத்து, குறைந்தது 15 அடி எட்ட நின்று, மின்சாரத்தால் பற்ற வைக்கவேண்டும். 5, 4, 3 என்று தலைகீழாக எண்ணுவது வெறும் ஆடம்பரம் அல்ல. சுற்றிலும் நிற்பவர்களுக்கு எச்சரிக்கை. (1929-ல் பிரிட்ஸ் லாங் தமது ஜெர்மன் படமொன்றில் இப்படி எண்ணிக் காட்டினார்.) பற்றாவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்கக்கூடாது. மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிட்டு, முழுதாக ஒரு நிமிஷம் காத்திருக்கவேண்டும். மின்சாரக் கம்பியில் போய் மாட்டிக்கொண்டால் அது அங்கேயே இருக்கட்டும்.

மருந்துக் குழாய் எல்லா ஊரிலும் அகப்படும் சரக்கு அல்ல. அதற்காகப் பட்டாசைப் பிரித்து மருந்தெடுக்கும் யோசனை எந்த வீட்டிலாவது உதிக்குமானால், பெற்றோர்கள் அதை அன்றே தயவு தாட்சண்யமின்றி அணைத்துவிட வேண்டும். காற்று இருக்கிறது. காலியான பிளாஸ்டிக் பாட்டிலின் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, குழாயின் மறு நுனியை ஆகாயத்தைப் பார்க்க நிறுத்தி, மூக்கடைத்த காகிதக் குழலை அதன் மேல் செருகி, பாட்டிலை ஓங்கி மிதித்தால் போதும். குழலுக்கு நேரே யாரும் முகத்தை நீட்டக்கூடாது. முதலில் சிறகோடு விட்டுப் பார்க்கலாம். பிறகு சிறகுகளைப் பிய்த்துவிட்டு அதே குழலை மறுபடி மிதித்து, அது எத்தனை குட்டிக்கரணம் போடுகிறதென்று பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம். செலவு ஒரு தாள்.